மோரிஸ் மைனர்: சாலையை ஓட்டுநரின் கைக்குக் கொண்டுவந்த அலெக் இசிகோனிஸ் யார்?

ஜொகூர் பாருவில் மழை வெளுத்து வாங்கும்போது கார் ஓட்டியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்: டயர் எப்ப வழுக்கும்? இன்றைய கார் என்றால் டாஷ்போர்டில் ஒரு விளக்கு மின்னும். நம்ம தாத்தா காலத்து மோரிஸ் மைனரில் அந்த எச்சரிக்கை ஸ்டீரிங் வழியாக நேராகக் கைக்கே வந்தது. 1950களில் மலாயா சாலைகளில் ஓடிய அந்த காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ்.

அகதியாக வந்த சிறுவன்

இவர் 1906-ல் ஸ்மிர்னா நகரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தார். தந்தை கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் குடிமகன், தாய் ஜெர்மானியர். 1922-ல் கிரேக்க-துருக்கிப் போர் முடியும் நேரத்தில் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மால்டாவுக்குத் தப்பியது. அங்கே தந்தை இறந்துபோக, தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தார்கள்.

லண்டனில் பொறியியல் படித்தபோது கணிதத்தில் 3 முறை தோல்வி. ஆனால் பென்சிலை எடுத்தால் இயந்திரங்களை அப்படியே வரைந்துவிடுவார். நண்பர் ஜார்ஜ் டவ்சனுடன் சேர்ந்து ஒரு சின்ன பந்தயக் காரைத் தன் கையாலேயே கட்டி, தானே ஓட்டியும் பார்த்தார். 1936-ல் மோரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

கைக்கு எப்படித் தெரிகிறது?

அன்றைய பல கார்களில் ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கியர் பெட்டியும் பல இணைப்புகளும் இருந்தன. சாலையின் அதிர்வு கைக்கு வருவதற்குள் பாதி அங்கேயே தொலைந்துபோகும்.

1948-ல் வெளிவந்த மோரிஸ் மைனரில் இசிகோனிஸ் ரேக் அண்ட் பினியன் முறையைப் பயன்படுத்தினார். ஸ்டீரிங் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது பல் வெட்டிய ஒரு கம்பியை இடமும் வலமும் நகர்த்தும்; அந்தக் கம்பி சக்கரங்களைத் திருப்பும். அவ்வளவுதான்.

வளைவில் திரும்பும்போது முன் டயரின் ரப்பர் தரையோடு உரசிச் சற்று முறுகும். முறுகிய டயர் மறுபடி நேராகத் திரும்பப் பார்க்கும். அந்த விசை கம்பி வழியாக ஏறி, ஸ்டீரிங்கில் கனமாகத் தெரியும். ஈரச் சாலையில் டயர் பிடிப்பை இழக்கத் தொடங்கினால் அந்த விசை குறைந்து, ஸ்டீரிங் லேசாகிவிடும். முன்சக்கரம் முழுசா வழுக்குவதற்குள் வேகத்தைக் குறைக்க ஓட்டுநருக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

வடிவம் ஏறக்குறைய முடிவான பிறகும் இசிகோனிஸுக்குத் திருப்தி இல்லை. கார் ரொம்பக் குறுகலாகத் தெரிந்தது. மாதிரிக் காரை நடுவில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்தார். 10 சென்டிமீட்டர் அகலம் கூடியது. கார் சாலையில் இன்னும் உறுதியாக நின்றது. மோரிஸ் மைனர்தான் ஒரு மில்லியனைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார்.

ரப்பர் மேல் ஓடிய மினி

1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் சின்ன கார் தேவைப்பட்டது. 1959-ல் இசிகோனிஸின் மினி வந்தது. அதில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, அலெக்ஸ் மவுல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். குளுவாங், சிகாமட் தோட்டங்களில் நம்மவர்கள் பால்மரம் வெட்டிய காலம் அது. உலகின் இயற்கை ரப்பரில் ஒரு பெரிய பங்கு மலாயாவிலிருந்து போனது.

இசிகோனிஸுக்கு 1969-ல் சர் பட்டம் கிடைத்தது. 1988-ல் காலமானார்.

இன்று என்ன மாறியது?

இப்ப பெரும்பாலான கார்களில் மின்மோட்டார் ஸ்டீரிங்கைத் திருப்ப உதவுகிறது. பார்க்கிங் சுலபம், குழியில் விழுந்தாலும் கை அதிராது. ஆனால் குலுக்கலோடு சேர்ந்து தகவலும் வடிகட்டப்படுகிறது. பழைய கார்தான் பாதுகாப்பானது என்று இதற்கு அர்த்தமில்லை. அன்றைய மைனரில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. இன்றைய காரில் சென்சார் செய்கிற வேலையில் ஒரு பகுதியை அன்று ஓட்டுநரின் உள்ளங்கை செய்தது.

எப்போதாவது ஒரு பழைய மைனரை ஓட்டும் வாய்ப்பு கிடைத்தால், ஸ்டீரிங்கை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதீங்க. இறுக்கிப் பிடித்த கைக்கு சாலை தெரியாது.