மயிலாடி வேதமாணிக்கம்: ஆயத்தமான உள்ளமும் அருள் வெளிப்பாடும்

பத்துக் கன்னியர் உவமையை அறியாத கிறிஸ்தவ இளைஞர் நம்மிடையே இலர். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. ஐவரிடம் மட்டுமே போதிய எண்ணெய் இருந்தது. மணவாளன் வரும் நேரத்தை எவரும் அறிந்திலர். இறைவன் ஒரு மனிதனுக்குத் தம்மை எப்போது, எவ்வாறு வெளிப்படுத்துவார் என்பது மனிதன் கையில் இல்லை. எண்ணெயைச் சேர்த்து வைப்பது மட்டுமே அவன் பணி. இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய நம் முன்னோர் ஒருவரின் வரலாற்றை, நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் நினைவுகூர விழைகின்றோம். மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் என்பது அவர் பெயர்.

தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் வாழிடமாகக் கொண்ட நமக்கு, அருள் வெளிப்பாடு என்னும் பொருள் புதிதன்று. நாள்தோறும் மின்தொடர் வண்டியில் நாம் கடந்து செல்லும் பரங்கிமலை, தம் கண்ணால் கண்டாலன்றி நம்பேன் என்று நின்று, பின்னர்க் கண்டு பணிந்த தோமாவின் பெயரோடு இணைந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டு தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. அதன் வளாகத்தில் 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 70 நாடுகளின் பேராளர்கள் அதில் பங்கு கொண்டனர். டச்சு நாட்டு அறிஞர் ஹென்றிக் கிரேமர் அம்மாநாட்டிற்கென்றே ஒரு நூல் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் அருளப்பட்ட வெளிப்பாடு தனித்தன்மை உடையது, பிற சமயங்களின் தொடர்ச்சியாக அதனைக் கருதலாகாது என்பது அவர் கொள்கை. அக்கல்லூரியின் முதல்வராய் இருந்த ஏ. ஜி. ஹாக் இதனை முழுதும் ஏற்றாரல்லர். கிறிஸ்துவை அறியாதோரின் உண்மையான தேடலுக்கும் இறைவன் செவி சாய்க்கிறார் என்று அவர் கருதினார்.

அறிஞர்கள் நம் ஊரில் அமர்ந்து ஆராய்ந்த இவ்வினாவை, அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் மண்ணின் தென்கோடியில் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் தம் கால்களால் நடந்து ஆராய்ந்தார். அவ்வரலாற்றைக் காண்போம்.

மயிலாடியின் மகாராசன்

மயிலாடி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோயிலுக்குக் கிழக்கே உள்ள சிற்றூர். கல்லில் சிற்பம் வடிக்கும் கலைக்குப் பெயர் பெற்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் இப்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் இது திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வரசின் கீழ் ஒடுக்கப்பட்டோர் அடைந்த இன்னல்கள் சொல்லில் அடங்கா. பொது வழியில் நடக்க உரிமையில்லை. மேலாடை அணிய உரிமையில்லை. கோயிலுள் நுழைய உரிமையில்லை. மனிதரை மனிதர் விற்கவும் வாங்கவும் சட்டம் இடம் தந்தது. அடிமை முறை அங்கு 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆலய நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது.

இத்தகைய நாட்டில், சாம்பவர் குலத்தில் தோன்றியவர் மகாராசன். சமயப் பற்று மிக்கவர். குல வழக்கப்படி வழிபாடுகளைக் குறைவின்றிச் செய்தும் அவர் உள்ளம் அமைதி காணவில்லை. இறைவனை அடையும் வழி யாது என்ற ஏக்கம் அவரை உறங்க விடவில்லை. இறுதியில், தில்லைச் சிதம்பரம் சென்று இறைவனைக் காண்பதென உறுதி பூண்டார்.

தில்லை நோக்கி

தில்லை என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது நந்தனாரின் திருவுருவம். நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கி ஏங்கித் திருநாளைப்போவார் என்றே பெயர் பெற்றவர் அவர். பிறப்பின் பெயரால் எழுப்பப்பட்ட சுவர் அவரைத் தடுத்து நிறுத்திற்று. தீயில் மூழ்கிய பின்னரே அவருக்கு வாயில் திறந்தது எனப் பெரியபுராணம் கூறும். நந்தனாரைத் தடுத்த அதே சுவர் மகாராசன் காலத்திலும் நின்றது. அதனை அறிந்தே அவர் புறப்பட்டார்.

1799ஆம் ஆண்டளவில், உறவினரான இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மகாராசன் நடக்கத் தொடங்கினார். மயிலாடிக்கும் சிதம்பரத்திற்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு உண்டு. வண்டி வசதியற்ற காலம். தீண்டாமை காரணமாகத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டின் முன் நிற்கவும் இயலாத நிலை. ஆயினும் அவர் திரும்பவில்லை.

சிதம்பரத்தில் அவர் எதிர்பார்த்த அமைதி கிட்டவில்லை. கண்டவை அவருக்கு ஏமாற்றமே அளித்தன. மனம் சோர்ந்து துயின்ற இரவில், பெரியவர் ஒருவர் கனவில் தோன்றி அவரைக் கடிந்து, அவ்விடம் விட்டுத் திரும்புமாறும், மெய்வழி காட்டப்படும் எனவும் உணர்த்தியதாக மயிலாடித் திருச்சபையின் மரபு கூறுகிறது.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அக்கனவு அவருக்கு எந்தக் கோட்பாட்டையும் கற்பிக்கவில்லை. கிறிஸ்துவின் பெயரைக்கூட அறிவிக்கவில்லை. எழுந்து நட என்னும் பொருளை மட்டுமே தந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கொர்நேலியுவின் வரலாறும் இத்தகையதே. இறைவனை நாடிச் செபித்து வந்த அந்த நூற்றுக்கு அதிபதிக்குத் தூதன் தோன்றினான். ஆயினும் போதனையைத் தான் செய்யாமல், பேதுருவை அழைத்துவர ஆளனுப்புமாறு சொல்லி மறைந்தான். ஒருவனுக்குத் தனிப்பட அருளப்படும் வெளிப்பாடு அவனைத் தனியே நிறுத்திவிடுவதில்லை. கற்பிப்பவரிடமும் திருமறையிடமும் சபையிடமும் அழைத்துச் செல்கிறது. கண்டது கனவா, கடவுளின் குரலா என்பதை அளந்தறியும் கோல் இதுவே.

தஞ்சையில் பெற்ற பெயர்

திரும்பும் வழியில் தஞ்சையில் வாழ்ந்த தம் உறவினரை மகாராசன் கண்டார். அவர்கள் கிறிஸ்தவர்களாகியிருந்தனர். சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் மறைந்த பின்னர், அவரால் வளர்க்கப்பட்ட ஜான் காஸ்பர் கோலாஃப் ஐயர் அங்குத் திருப்பணி ஆற்றி வந்தார். தரங்கம்பாடியிலே பிறந்து, தமிழ் மண்ணிலேயே வளர்ந்தவர் அவர். உறவினருடன் ஆலயம் சென்ற மகாராசன், கோலாஃபின் அருளுரையைக் கேட்டார். தாம் தேடி அலைந்தது இதுவே எனத் தெளிந்தார். அங்கேயே தங்கிக் கற்றுத் திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயரை ஏற்றார்.

கனவு கண்டது ஓர் இரவு. அதன் பொருள் விளங்கியது ஒரு நாள். அதன் பின்னர் வந்தவை நீண்ட ஆண்டுகள். அவ்வாண்டுகளையே வேதமாணிக்கத்தின் மெய்யான பெருமை எனக் கருதுகின்றோம்.

காத்திருந்த ஏழாண்டுகள்

ஊர் திரும்பிய வேதமாணிக்கம் வாளாவிருக்கவில்லை. தம் வீட்டாருக்கும் உறவினருக்கும் தாம் அறிந்ததை எடுத்துரைத்தார். ஏளனமும் எதிர்ப்பும் எழுந்தன. எனினும் சிறு கூட்டம் ஒன்று அவரைச் சூழ்ந்து உருவாயிற்று. அக்கூட்டத்திற்கு ஆலயம் இல்லை, போதகர் இல்லை, அரசின் ஆதரவும் இல்லை. அவர் தஞ்சையில் கற்றதும் அவரது வேண்டுதலுமே அவர்களுக்குத் துணை. ஏறத்தாழ ஏழாண்டுகள் இவ்வாறு கழிந்தன. இடையே, தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று சோழநாட்டு மிஷனரிமாரிடம் அவர் வேண்டி நின்றார்.

அவ்வேண்டுகோள் வீண்போகவில்லை. இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1804இல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்று வந்தவர் ரிங்கல்தௌபே. 1770இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். திருவிதாங்கூரிலிருந்து வந்த அழைப்பு அவரைத் தெற்கு நோக்கித் திருப்பிற்று. 1806 ஏப்ரல் 25ஆம் நாள் அவர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மயிலாடியை அடைந்தார். ஆகவே, தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபையை விதைத்தவர் வெள்ளையர் என்னும் கூற்றில் பாதி உண்மையே உண்டு. வெள்ளையர் வந்தபோது அங்கே ஒரு கூட்டம் ஆயத்தமாய்க் காத்திருந்தது. அதனை ஆயத்தப்படுத்தியவர் ஒரு சாம்பவர்.

ஆலயம் கட்ட அனுமதி எளிதில் கிட்டவில்லை. திவானாக இருந்த வேலுத்தம்பி இசையவில்லை. ரெசிடெண்டாக இருந்த கர்னல் காலின் மெக்காலேயின் உதவியை ரிங்கல்தௌபே நாடினார். இந்திய மாணவர்க்கு ஆங்கிலக் கல்வியை வகுத்த மெக்காலே பிரபுவின் பெரியப்பா இவர். 1809இன் தொடக்கத்தில் வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, மயிலாடிச் சபையார் மீதும் சினம் திரும்பிற்று. வேதமாணிக்கமும் அவரைச் சார்ந்தோரும் மலைப்புறங்களில் ஒளிந்து உயிர் காத்தனர் என்பர். கலகம் அடங்கிய பின்னர், அவ்வாண்டிலேயே மயிலாடியில் ஆலயம் எழுந்தது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் சபைகள் தோன்றின. ஆலயத்தோடு பள்ளியும் வந்தது. எழுத்து மறுக்கப்பட்டிருந்த பிள்ளைகள் எழுத்தறிந்தனர்.

இச்சபைகளில் சேர்ந்தோரில் பலர் வரிச்சுமையினின்றும் கொடுமையினின்றும் விடுதலை கிடைக்கும் என எண்ணி வந்தவர்கள் என்று ரிங்கல்தௌபே மனம் வருந்தியதுண்டு. இன்றும் நம் முன்னோர் சோற்றுக்காக மதம் மாறியவர் என்று பழிப்போர் உளர். அன்பிற்குரிய இளைஞர்களே, இப்பழி கேட்டு நீங்கள் தலை குனிய வேண்டுவதில்லை. நுகத்தடியின் கீழ் நொந்தவன் விடுதலையை நாடுவது குற்றமன்று. எகிப்தில் அடிமைப்பட்டோரின் கூக்குரலைக் கேட்டே இறைவன் மோசேயை அனுப்பினார். மேலும், சோறும் பணமும் தர ஒருவரும் இல்லாத காலத்தில், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடந்து சென்று மெய்ப்பொருளைத் தேடிய மகாராசனின் கால்கள் அப்பழிக்குப் போதிய விடை தரும்.

மீண்டும் தனிமை

1816இல் உடல் நலிந்த ரிங்கல்தௌபே திருவிதாங்கூரை விட்டு நீங்கினார். அதன்பின் கடல் கடந்து சென்ற அவர் எங்கு மறைந்தார் என்பதை எவரும் அறிந்திலர். புறப்படும் முன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். சார்லஸ் மீட் ஐயர் 1818இல் வந்து சேரும் வரை, ஏறத்தாழ இரண்டாண்டுகள் அச்சபைகளைக் காத்து நின்றவர் வேதமாணிக்கமே. ஏழாண்டுகள் காத்திருந்து பழகியவருக்கு இவ்விரண்டாண்டுகள் அச்சம் தரவில்லை போலும். மீட் ஐயர் காலத்தில் மிஷனின் தலைமையிடம் நாகர்கோயிலுக்கு மாறிற்று. பள்ளியும் அச்சகமும் அங்கே வளர்ந்தன. சபையும் பல்கிப் பெருகிற்று. வேதமாணிக்கம் 1827இல் இறைவனடி சேர்ந்தார்.

மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் என வழங்கப்படுகிறது. ஹாலேயில் பயின்ற அறிஞரின் பெயரும், பொது வழியில் நடக்க உரிமையற்றிருந்தவரின் பெயரும் ஒரே வாயிலில் இணைந்து நிற்கின்றன.

நாம் கற்க வேண்டுவன

இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர் மூன்று உண்மைகளைக் கொள்ள வேண்டுமென விரும்புகின்றோம்.

முதலாவது, இறைவன் தம்மை வெளிப்படுத்தக் குலம் பார்ப்பதில்லை. கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவனின் கனவில் அவரே வாயிலாக வந்தார். அவ்வாறாயின், கிறிஸ்துவின் பெயர் தாங்கிய ஆலயத்தில் தனி இருக்கையும், கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரும் எழுப்புவோர் யாருடைய வாயிலை அடைக்கின்றனர்? தமிழகத்தில் இத்தகைய சுவர்கள் எழுந்ததை நாம் அறிவோம். அவற்றை எதிர்த்து நிற்பதும் விசுவாசத்தின் பணியே ஆகும்.

இரண்டாவது, தரிசனத்தை மட்டும் நாடி ஓடுதல் ஆயத்தம் ஆகாது. பெருங்கூட்டங்களில் அற்புதமும் தரிசனமும் தேடி அலையும் இளைஞர் பலரைக் காண்கின்றோம். வேதமாணிக்கம் கண்டது ஒரு கனவு. அதனைத் தஞ்சையில் கேட்ட போதனையோடு ஒப்பிட்டு, கற்று, உணர்ந்து, சபையோடு இணைந்த பின்னரே பிறருக்கு எடுத்துரைத்தார். கனவைக் கொண்டு அவர் தமக்குப் புகழ் தேடினாரல்லர்.

மூன்றாவது, எண்ணெய் ஒரே நாளில் சேர்வதன்று. அன்றாட வேண்டுதல், திருமறைப் பயிற்சி, பள்ளிப்பாடத்தில் கருத்து, அயலான் துயரில் பங்கு ஆகியவற்றால் துளித்துளியாய்ச் சேர்வது. நம் சங்கம் இக்கால் நூற்றாண்டாக எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கொளியில் கல்வி புகட்டி வருவதும் அத்தகைய ஒரு சேமிப்பே.

போதகர் வருவாரா, ஆலயம் எழுமா என்று அறியாமலேயே மயிலாடியில் ஒருவர் ஏழாண்டுகள் விளக்கை அணையாது காத்தார். கணவாய் வழியே போதகர் வந்தபோது அவ்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அத்தகைய விளக்கொன்று எரிவதாக.