ஐன்ஸ்டீனின் வயிற்றுவலி: மகன் அறிய வேண்டிய செய்தி

பங்சார் - ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் நம் பக்கம் வந்து போனவர் என்பது பலருக்குத் தெரியாது. 1922 நவம்பரில் ஜப்பானுக்குக் கப்பலில் போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கினார். 1923 ஜனவரியில் திரும்பும்போது மலாக்காவையும் பினாங்கையும் பார்த்தார். அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் அந்தப் பயணத்தின் நடுவில்தான்.

அவருடைய மூளையைப் பற்றி எழுதாதவர் இல்லை. இங்கே சொல்லப்போவது அவருடைய வயிற்றைப் பற்றி.

1879 மார்ச் 14ஆம் தேதி ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தார். தந்தை மின்சாதனத் தொழில் நடத்தி நொடித்துப் போனவர். மகன் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1905இல் சார்பியல் கோட்பாட்டை எழுதினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் குடியேறினார். இவையெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே உண்டு.

அதில் இல்லாதது, அவரை விடாமல் துரத்திய வயிற்று உபாதை. 1917இல் பெர்லினில் படுத்த படுக்கையாகி உடம்பு பாதியாக இளைத்தார். பிற்காலத்திலும் மேல்வயிற்றில் வலி வரும், வாந்தி வரும், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். வாயில் எப்போதும் புகைக்குழாய். மருத்துவர்கள் நிறுத்தச் சொல்லியும் அந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை.

1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் யூத மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கத்தி பிடித்தவர் ருடால்ஃப் நிசன். அவரும் ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தான். உள்ளே, இதயத்திலிருந்து இறங்கி வரும் அயோர்ட்டா என்ற பெரிய ரத்தக்குழாய், பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்பார்கள். சைக்கிள் டியூபில் நைந்த இடம் காற்றடிக்க அடிக்க உப்பி நிற்குமே, அதைப் போல. புடைத்த பகுதியை வெட்டி எடுத்து வேறு குழாய் வைக்கும் வித்தை அன்று இல்லை. பாரிசில் முதன்முதலாக அது நடந்தது 1951இல். நிசன் கையில் இருந்தது செலோஃபேன், பலகாரப் பொட்டலம் சுற்றும் அதே பளபளத் தாள். அதை வீக்கத்தைச் சுற்றி வைத்தார். தாள் உறுத்தினால் சுற்றிலும் தழும்பு கட்டி, மெலிந்த சுவர் தடிக்கும் என்பது கணக்கு. கேட்க வேடிக்கைதான். ஆனால் அதன் பிறகு ஐன்ஸ்டீன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1955 ஏப்ரல் 13ஆம் தேதி வலி மறுபடி பிடித்தது. இரண்டு நாள் கழித்து பிரின்ஸ்டன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நியூயார்க்கிலிருந்து வந்த அறுவை நிபுணர் ஃபிராங்க் கிளென், ஆப்பரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். உயிரைச் செயற்கையாக இழுத்துப் பிடிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. மூக்குக்கண்ணாடியும் காகிதமும் கேட்டு வாங்கி, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 18ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குமேல், ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்திலிருந்த தாதிக்கு அந்த மொழி தெரியாது. அவருக்கு வயது 76. பிரேதப் பரிசோதனையில் அந்த ரத்தக்குழாய் வெடித்திருந்தது தெரிந்தது. பித்தப்பை நோய்போல் வலித்து ஏமாற்றும் இந்த வீக்கத்தை மருத்துவர்கள் இன்றும் ஐன்ஸ்டீன் அறிகுறி என்று அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து ஓடிவந்து அப்பாவின் படுக்கையருகே நின்ற மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட்டுக்கு அப்போது 50 வயது. அவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்ல அன்று ஸ்கேனே கிடையாது. இன்றைய மருத்துவராக இருந்தால் அவர் பக்கம் திரும்பியிருப்பார். பெற்றோரிலோ உடன்பிறந்தவரிலோ ஒருவருக்கு இந்த வீக்கம் இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஆண், பெண் இருவருக்கும் 50 வயதிலிருந்தே பரிசோதனையை யோசிக்கலாம் என்கிறது ஐரோப்பிய ரத்தக்குழாய் மருத்துவர்களின் வழிகாட்டி. பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களுக்கு அழைப்புக் கடிதமே வருகிறது. நமக்கு வராது, நாமே கேட்க வேண்டும்.

பரிசோதனை, கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான். வலியில்லை, சில நிமிடம். குழாய் சாதாரணமாக 2 செண்டிமீட்டர் அகலம். 3ஐத் தொட்டால் வீக்கம் என்று பெயர். சிறியதாக இருந்தால் அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள். ஆணுக்கு 5.5, பெண்ணுக்கு 5 அளவில்தான் ஆப்பரேஷன் பேச்சு. இன்று தொடை இடுக்கு வழியாகவே உள்ளே குழாய் செலுத்தும் முறையும் உண்டு. வெடித்தபின் பிழைப்பவர்கள் சிலரே. அதுவரை பெரும்பாலும் எந்த வலியும் காட்டாது என்பதுதான் இதன் சூது.

நம் தாத்தாக்கள் பலர் தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டே சிகரெட்டும் சுருட்டும் பிடித்தவர்கள். புகைதான் இந்த வீக்கத்துக்கு முதல் தோழன். அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று கேட்டால், திடீர் வயிற்றுவலி, முதுகுவலி, மயக்கம் என்பதோடு பேச்சு நின்றுவிடும். வயிற்று ரத்தக்குழாய் வெடித்தது என்று அப்பாவின் மருத்துவமனைத் தாளில் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். அண்ணன், தங்கைகளுக்கும் அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.