மாக்ஸ் வேர்த்தைமர்

மாக்ஸ் வேர்த்தைமர் (ஏப்ரல் 15, 1880 – அக்டோபர் 12, 1943) கெஸ்டால்ட் உளவியலைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். வூல்ஃப்காங் கோலர், குர்ட் கொஃப்கா ஆகிய இருவருடனும் சேர்த்து இவரது பெயர் கூறப்படுவது வழக்கம். மூவருள் மிகக் குறைவாக எழுதியவர் இவரே. எனினும் இப்பிரிவின் அடிப்படைக் கருத்துகள் பெரும்பாலும் இவரிடமிருந்தே வந்தன. கெஸ்டால்ட் என்னும் ஜெர்மன் சொல்லுக்கு உருவம், வடிவம், ஒழுங்கமைந்த முழுமை என்று பொருள் கொள்ளலாம்.

இளமையும் கல்வியும்

வேர்த்தைமர் பிராக் நகரில் ஜெர்மன் மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வணிகக் கல்விப் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். வேர்த்தைமர் இளமையிலேயே இசைப் பயிற்சி பெற்றார். பிராகில் முதலில் சட்டம் பயின்ற இவர் பின்னர் மெய்யியலுக்கும் உளவியலுக்கும் மாறினார்.

அங்கு இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் கிறிஸ்டியன் ஃபொன் ஏரன்ஃபெல்ஸ். ஒரு மெட்டை வேறு சுருதியில் பாடினால் ஒவ்வொரு ஒலியும் மாறிவிடுகிறது. ஆயினும் கேட்பவர் அதே மெட்டென்றே அறிகிறார். அப்படியானால் மெட்டு என்பது தனித்தனி ஒலிகளில் இல்லை என ஏரன்ஃபெல்ஸ் 1890-இல் எழுதியிருந்தார். ஆனால் ஒலிகளின் மேல் கூடுதலாகச் சேரும் ஒரு பண்பாகவே அவர் வடிவத்தைக் கருதினார். இவ்விடத்தில்தான் மாணவர் பின்னாளில் ஆசிரியரிடமிருந்து பிரிந்தார்.

பெர்லினில் கார்ல் ஸ்டும்ஃபிடம் பயின்றபின், 1904-இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஓஸ்வால்ட் கியூல்பெயின் கீழ் முனைவர் பட்டம் பெற்றார். ஒரு குற்றத்தைப் பற்றி ஒருவர் அறிந்திருக்கிறாரா என்பதைச் சொல் தொடர்புச் சோதனையால் கண்டறிவதே ஆய்வுப் பொருள். 1910-இல் இலங்கையின் வேடர்களுடைய இசையைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. மிகச் சில சுரங்களே கொண்ட அப்பாடல்களிலும் உறுதியான அமைப்பு உண்டென்று அதில் காட்டினார்.

பிராங்க்பர்ட் ஆய்வுகள்

1910-இல் தொடர்வண்டிப் பயணம் ஒன்றின்போது இவருக்கு ஒரு எண்ணம் தோன்றியதாகவும், உடனே பிராங்க்பர்ட்டில் இறங்கி, படங்கள் அசைவதுபோல் காட்டும் விளையாட்டுப் பொருள் ஒன்றை வாங்கி விடுதி அறையிலேயே சோதித்ததாகவும் சொல்லப்படுவதுண்டு. பின்னர் அந்நகரின் உளவியல் கூடத்தில் ஆய்வு தொடர்ந்தது. கோலரும் கொஃப்காவுமே சோதனைக்கு உட்பட்டவர்களாக அமர்ந்தனர். மூவரின் கூட்டுறவு இவ்வாறே தொடங்கியது.

இருவேறு இடங்களில் இரு கோடுகள் அடுத்தடுத்துக் காட்டப்பட்டன. இடைவெளி ஏறக்குறைய 200 மில்லிநொடி ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக இரு கோடுகள் தெரிந்தன. 30 மில்லிநொடி ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. 60 மில்லிநொடி அளவில் ஒரே கோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்தது. சில நிலைகளில் நகரும் பொருள் எதுவும் தெரியாமல் நகர்வு மட்டும் உணரப்பட்டது. இதனை ஃபை நிகழ்வு என்று பெயரிட்டார்.

அசையாப் படங்களிலிருந்து அசைவு தோன்றுவது புதிய செய்தி அன்று. அத்தகைய விளையாட்டுப் பொருள்கள் 1830-களிலேயே இருந்தன. திரைப்படமும் வந்துவிட்டது. கேள்வி விளக்கத்தைப் பற்றியது. கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வதால் அசைவு தோன்றுகிறது என்பது அன்றைய விளக்கங்களுள் ஒன்று. வேர்த்தைமர் எதிரெதிர்த் திசைகளில் இரு அசைவுகளை ஒரே நேரத்தில் தோன்றச் செய்தார். கண் இரு திசைகளிலும் ஒருங்கே நகர இயலாது. ஆகவே அவ்விளக்கம் நிற்கவில்லை. அசைவு என்பது தனி உணர்ச்சிகளைக் கூட்டி மனம் பின்னர் ஊகிப்பதன்று, நேரடியாகவே காணப்படுவது என்பது இவரது முடிபு. 1912-இல் வெளிவந்த இக்கட்டுரையே கெஸ்டால்ட் உளவியலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. மூளையில் இதற்கு ஈடாக நிகழ்வது பற்றி இவர் கூறிய கருதுகோள் நிலைக்கவில்லை. கண்டறிந்த நிகழ்வு நிலைத்தது.

அடிப்படைக் கருத்துகள்

அக்கால உளவியல், வேதியியலைப் பின்பற்றி, மனத்தைச் சிறு உணர்ச்சிக் கூறுகளாகப் பகுத்து மீண்டும் அவற்றைக் கூட்டி விளக்க முயன்றது. வேர்த்தைமர் இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். முழுமையே முதலில் தரப்படுகிறது. ஒரு பகுதி எப்படித் தோன்றும் என்பதை முழுமையில் அதன் இடம் முடிவு செய்கிறது. முழுமை, பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரிது என்று இக்கொள்கையைச் சுருக்கிக் கூறுவது பரவலான பிழை. கூட்டல் என்பதே இங்குப் பொருந்தாது. முழுமை வேறானது என்பதே சரி.

1923-இல் வெளியான கட்டுரையில், காட்சி எவ்வாறு தொகுதிகளாக அமைகிறது என்று புள்ளிகளையும் கோடுகளையும் கொண்டு விளக்கினார். அருகருகே உள்ளவை ஒன்றுசேர்ந்து தெரியும். எழுத்துகளைச் சொற்களாக நாம் பிரித்துப் படிப்பதும் இடைவெளியால்தான். ஒத்த தன்மையுடையவை ஒன்றாகத் தெரியும். சீராகத் தொடரும் கோடு ஒரே கோடாகவும், மூடிய எல்லை ஒரே உருவாகவும் தெரியும். சேர்ந்து நகர்பவையும் ஒன்றாகும். இலைமேல் அசையாதிருக்கும் பச்சைப் பூச்சி கண்ணுக்குத் தப்பும், அசைந்தவுடன் அகப்படும். இயன்ற அளவு எளிய, செறிவான அமைப்பையே காட்சி நாடும் என்பது இவை அனைத்திற்கும் மேலான விதி.

பெர்லின் ஆண்டுகள்

முதல் உலகப் போரின்போது, ஹார்ன்பாஸ்டலுடன் இணைந்து, ஒலி வரும் திசையை அறியும் கருவி ஒன்றை இவர் உருவாக்கினார். பெர்லினில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் நட்பு கிடைத்தது. சார்புக் கொள்கை அவர் மனத்தில் உருவான வழியை 1916 முதல் நீண்ட உரையாடல்களில் கேட்டறிந்தார். 1918 நவம்பரில், புரட்சிகர மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரைச் சிறைப்பிடித்தபோது, அவரை விடுவிக்கச் சென்ற மூவர் ஐன்ஸ்டைன், மாக்ஸ் போர்ன், வேர்த்தைமர் ஆகியோராவர். 1921-இல் இப்பிரிவினர் தமக்கென ஆய்விதழ் தொடங்கினர். 1929-இல் வேர்த்தைமர் பேராசிரியராகப் பிராங்க்பர்ட் திரும்பினார்.

நாடு நீங்கல்

1933 தொடக்கத்தில் வானொலியில் ஹிட்லரின் உரையைக் கேட்டபின், குடும்பத்துடன் செக்கோஸ்லோவாக்கியாவுக்குச் சென்றுவிட்டார். ஏப்ரல் 7 அன்று யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. கோலர் யூதர் அல்லர். ஆயினும் அந்நீக்கங்களைக் கண்டித்து ஏப்ரல் 28 அன்று பெர்லின் நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். அவரும் 1935-இல் வெளியேறினார். கொஃப்கா முன்னரே அமெரிக்கா சென்றிருந்தார். ஜெர்மனியில் இப்பள்ளி இவ்வாறு சிதைந்தது.

1933 செப்டம்பரில் நியூயார்க் வந்த வேர்த்தைமர், சமூக ஆய்வுக்கான புதிய பள்ளியில், நாடிழந்த அறிஞர்களுக்கென அமைந்த பிரிவில் சேர்ந்தார். 53 வயதில் வேற்றுமொழியில் கற்பிக்க வேண்டியதாயிற்று. அங்கு இவர் எழுதிய சிறு கட்டுரைகள் உண்மை (1934), அறம் (1935), மக்களாட்சி (1937), விடுதலை (1940) பற்றியவை. இவை உளவியலிலிருந்து விலகியவை அல்ல. ஓர் ஆவணத்தைத் திருட ஆளை ஏவியவன், தான் அதை எடுக்கவில்லை என்று கூறினால் அக்கூற்று தனியே நோக்க உண்மை, முழு நிகழ்வில் வைத்து நோக்கப் பொய். 1923-இல் புள்ளிகளுக்குச் சொன்னதை இங்கு மனிதச் செயலுக்குச் சொல்கிறார்.

சிந்தனை பற்றிய நூல்

இவரது ஒரே பெருநூல் ஆக்கச் சிந்தனையைப் பற்றியது. இணைகரத்தின் பரப்பளவைக் காணும் வழியை மனப்பாடம் செய்த மாணவர்கள், அதே உருவைச் சற்றுத் திருப்பி வரைந்தவுடன் திகைத்தனர். ஒரு குழந்தையோ கத்தரிக்கோல் கேட்டு, ஒரு பக்கத்து முக்கோணத்தை வெட்டி மறுபக்கம் ஒட்டி, உருவைச் செவ்வகமாக்கியது. அக்குழந்தை பகுதிகளுக்கும் முழுமைக்கும் உள்ள உறவைக் கண்டது என்பார் வேர்த்தைமர். ஐன்ஸ்டைனுடன் நிகழ்த்திய உரையாடல்களும் இந்நூலில் ஓர் இயலாகின்றன.

கையெழுத்துப்படி முடிந்த சில வாரங்களில், நியூயார்க்கை அடுத்த நியூ ரோசெல்லில் 63-ஆம் வயதில் இதய நோயால் காலமானார். நூல் 1945-இல் வெளிவந்தது. சமூக உளவியலில் சாலமன் ஆஷ், கலைக்காட்சி ஆய்வில் ருடால்ஃப் ஆர்ன்ஹைம் ஆகியோர் இவரது கருத்துகளை முன்னெடுத்தனர். ஆபிரகாம் மாஸ்லோவும் இவரிடம் பயின்றவர். 1988-இல் ஜெர்மன் உளவியல் கழகம், மறைந்து 45 ஆண்டுகளுக்குப்பின், தன் உயரிய விருதை இவருக்கு அளித்தது. கூறுபடுத்தும் உளவியலின் முன்னோடியாகிய வில்லெம் வுண்டின் பெயரால் அமைந்த விருது அது.