பனியில் வீழ்ந்த சிறுவன்

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனி. ஆனால் நாவை நனைக்க நீர் இல்லை. பனிமலை ஏறுவோர் படும் பாடு இதுதான். 1952-ஆம் ஆண்டு எவரெஸ்ட் சரிவில், ஏறக்குறைய 8,400 மீட்டர் உயரத்தில், டென்சிங் நோர்கேயும் சுவிட்சர்லாந்து வீரர் ரேமண்ட் லாம்பெர்ட்டும் ஓர் இரவைக் கழித்தனர். அடுப்பு இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கிச் சில மடக்கு நீர் அருந்தினர். பனியை அப்படியே வாயிலிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். அதை உருக்கும் வெப்பத்தை உடலே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே குளிரில் நடுங்குபவனுக்கு அது பெரும் நட்டம். எனவே, கொண்டு செல்லும் நீரை உறையவிடாமல் காப்பதே வழி.

அதற்குப் பெருந்துணையாக வந்தது பிளாஸ்க். தேநீர் விற்பவர் கையிலும் நோயாளியின் கட்டிலருகிலும் அதை நாள்தோறும் காண்கிறோம். அதை உருவாக்கிய சர் ஜேம்ஸ் டியூவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1842 செப்டம்பர் 20 அன்று ஸ்காட்லாந்தின் கின்கார்டின் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பத்து வயதில் உறைந்த நீர்நிலையொன்றின்மேல் சென்றபோது பனிப்பாளம் உடைந்து உள்ளே விழுந்துவிட்டார். உயிர் தப்பினாலும் கடுமையான வாதக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. ஓடியாட முடியாமல் நெடுநாள் வீட்டில் முடங்கினார். அந்நாட்களில் ஊர்த் தச்சர் ஒருவர் அவருக்கு வயலின் செய்யக் கற்றுக்கொடுத்தார். மெல்லிய மரத்தை இழைத்துப் பழகிய அந்த விரல்களே பின்னாளில் நுண்ணிய சோதனைக் கருவிகளைக் கையாண்டன. நம் வயதாகிய பதினைந்தில் பெற்றோர் இருவரையும் இழந்தார். எனினும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1875-இல் கேம்பிரிட்ஜிலும் 1877-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் பேராசிரியரானார்.

பனியால் துன்புற்றவர் குளிரையே ஆராய்ந்தது வியப்புக்குரியது. திரவ ஆக்சிஜனின் கொதிநிலை சுழிக்குக் கீழே 183 டிகிரி செல்சியஸ். அறையின் வெப்பமே அதைக் கொதிக்க வைத்துவிடும். பாடுபட்டுத் திரவமாக்கியது கண்ணெதிரே ஆவியாகிப் போனால் ஆராய்ச்சி செய்வது எங்ஙனம்? 1892-இல் டியூவர் கண்ணாடிக் குடுவைக்குள் மற்றொரு குடுவையை வைத்து, இரண்டுக்கும் இடையிலிருந்த காற்றை வெளியேற்றினார். வெற்றிடத்தின் வழியே வெப்பம் கடத்தப்படுவதில்லை. அங்குச் சலனமும் இல்லை. எஞ்சியது கதிர்வீச்சு. சுவருக்கு வெள்ளிப் பூச்சுப் பூசி அதையும் திருப்பி அனுப்பினார்.

வெளிவெப்பத்தை உள்ளே விடாத சுவர், உள்வெப்பத்தையும் வெளியே விடாது! காலையில் ஊற்றிய வெந்நீர், கடுங்குளிரிலும் மாலைவரை உறையாதிருப்பது இதனால்தான். இன்றைய மலையேறிகள் உடையாத எஃகுக் குடுவையைக் கொண்டு செல்கின்றனர். சாதாரணப் புட்டியானால் சுடுநீர் நிரப்பிக் கம்பளிக் காலுறைக்குள் செருகுகின்றனர். இரவில் அதைத் தம்முடன் உறக்கப் பைக்குள் வைத்துக்கொள்கின்றனர். புட்டியைத் தலைகீழாக வைப்பதும் உண்டு. நீர் 4 டிகிரியில்தான் மிகுந்த அடர்த்தி பெறும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே சென்று முதலில் உறையும். கவிழ்த்து வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கத்தில் சேரும், வாய் அடைபடாது. ஏரி மேலிருந்து உறைவதை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். புட்டிக்கும் அதே விதி என்பது எங்களுக்கு இப்போதுதான் விளங்கியது.

டியூவர் தம் குடுவைக்குக் காப்புரிமை பெறவில்லை. ஜெர்மானியக் கண்ணாடித் தொழிலாளர் ரைன்ஹோல்டு பர்கர் அதற்கு உலோக உறையிட்டு வீட்டுப் பயனுக்கு ஏற்றதாக்கி, உரிமையும் பெற்றார். 1904-இல் அது தெர்மாஸ் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. டியூவர் உரிமை கோரினார், பயனில்லை. உலகெங்கும் விற்ற பொருளால் அவருக்குக் காசு கிட்டவில்லை. இதைப் படித்தபோது எங்களுக்குள் பெரிய விவாதமே எழுந்தது. தம் உழைப்பைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர் என்றனர் சிலர். அறிவைப் பூட்டி வைக்காததால்தான் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அக்குடுவையைத் தடையின்றிப் பயன்படுத்தின என்றனர் மற்றவர். மணி அடிக்கும்வரை முடிவு ஏற்படவில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். முன்கோபி, சக அறிஞர்களோடு ஓயாமல் பூசலிட்டவர். 1898-இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கி உலகை வியக்கவைத்தார். ஹீலியம் மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. 1908-இல் ஹாலந்தில் காமர்லிங் ஓன்ஸ் அதைத் திரவமாக்கினார். டியூவர் குடுவைகளின் உதவியால்தான்! 1913-இல் நோபல் பரிசும் பெற்றார். டியூவருக்கு அப்பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை. 1904-இல் சர் பட்டம் கிடைத்தது.

1921-இல் அவருடைய திருமணப் பொன்விழா நடந்தது. 1854 என்று ஆண்டு பொறித்த பழைய வயலின் ஒன்று அன்று அங்கே வாசிக்கப்பட்டது. பனியில் விழுந்து முடங்கிய சிறுவன் தன் கையால் செய்த வயலின் அது. 1923 மார்ச் 27 அன்று இலண்டனில் டியூவர் காலமானார்.