தம் சொல்லையே தள்ளிய நீதியரசர்

ஆள்வோருக்கு எல்லை வகுத்தல் எல்லா நாட்டு அறநூல்களும் பேசிய பொருளாகும். தமிழ் மரபு அந்த எல்லையை அரசனின் நெஞ்சிலும், அவனை இடித்துரைக்கும் அமைச்சனின் நாவிலும் வைத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்பை 1787-இல் எழுதியோர் மனித நெஞ்சத்தை அவ்வளவாக நம்பினாரல்லர். சட்டம் இயற்றுவோர், அதனை நிறைவேற்றுவோர், நீதி வழங்குவோர் என அதிகாரத்தை மூன்றாகப் பகுத்து, ஒன்றை மற்றொன்று தடுக்குமாறு அமைத்தனர். ஆயினும், அம்மூன்று நிலங்களுக்கும் இடையேயுள்ள வரப்பு எவ்வழியே செல்கிறது என்பதை அவர்கள் முற்றத் தெளிவாக எழுதி வைக்கவில்லை. அவ்வரப்பைப் பின்வந்தோர் காணுமாறு வரைந்து காட்டியவர்களுள் தலையாயவர் நீதியரசர் இராபர்ட் எச். ஜாக்சன். முதலில் அவர் ஆட்சியின் சட்ட அமைச்சராய் அமர்ந்து குடியரசுத் தலைவரின் அதிகாரத்தை விரித்தவர். பின்னர் நீதிபதியாய் அமர்ந்து அதனை அளந்தவர். அளக்கும்போது தம் பழைய சொல்லையும் தராசில் இட்டார் என்பதே அவர் வாழ்வின் தனிச்சிறப்பு.

கல்லூரி காணாத கல்வி

ஜாக்சன் 1892-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங் கிரீக் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். அவர் சிறுவராயிருந்தபோதே குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பிரூஸ்பர்க் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்குப் பள்ளிப் படிப்பை முடித்தபின், அண்மையிலிருந்த ஜேம்ஸ்டவுன் நகரப் பள்ளியில் மேலும் ஓராண்டு பயின்றார். அப்பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த மேரி வில்லர்ட் அம்மையார் ஷேக்ஸ்பியர் முதலியோரின் நூல்களில் அவரைத் தோய வைத்தார். சொல்லை எடைபோட்டு ஆளும் திறம் அவருக்கு வாய்த்ததற்கு இவ்வாசிரியையே காரணர் எனலாம்.

ஜாக்சன் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றாரல்லர். ஜேம்ஸ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சியாளராய்ச் சேர்ந்து சட்டம் கற்றார். ஆல்பனி சட்டப் பள்ளியில் ஓராண்டு மட்டும் பயின்றார். 1913-இல், இருபத்தொன்றாம் அகவையில், வழக்கறிஞரானார். அடுத்த இருபது ஆண்டுகள் உழவர், வணிகர், தொழிலாளர் என எல்லாத் தரப்பினர்க்கும் வழக்காடினார். அரசு என்பது எளிய மனிதனின் வாயிலில் எவ்வடிவில் வந்து நிற்கும் என்பதை அவர் அந்நகர நீதிமன்றங்களிலேயே கண்டறிந்தார்.

அதிகாரத்தின் வழக்கறிஞர்

1934-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சி அவரை வாஷிங்டனுக்கு அழைத்தது. வருவாய்த் துறையின் சட்ட அலுவலராய்த் தொடங்கிய அவர், முன்னாள் நிதியமைச்சரும் பெருஞ்செல்வருமான ஆண்ட்ரூ மெல்லன் மீதான வரி வழக்கை நடத்திப் பெயர் பெற்றார். 1938-இல் உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வழக்காடும் சொலிசிட்டர் ஜெனரலாகவும், 1940-இல் நாட்டின் தலைமை வழக்கறிஞராகவும் உயர்ந்தார். அமெரிக்காவில் தலைமை வழக்கறிஞர் அமைச்சரவையில் அமர்பவர் என்பது கருதத்தக்கது.

இக்காலத்தில் ஜாக்சன் ரூஸ்வெல்ட்டின் உற்ற துணைவராய் விளங்கினார். தம் திட்டங்களைத் தடுத்த உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பெருக்க 1937-இல் ரூஸ்வெல்ட் முயன்றபோது, மேலவைக் குழுவின் முன் அம்முயற்சியை ஆதரித்துச் சான்று பகர்ந்தவர்களுள் இவரும் ஒருவர். 1940-இல் இட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கி வந்த வேளையில், பிரிட்டனுக்கு ஐம்பது பழைய போர்க் கப்பல்களை அளித்து, அதற்கு ஈடாகக் கடற்படைத் தளங்களுக்கான இடங்களைப் பெறக் குடியரசுத் தலைவர் விழைந்தார். மேலவையின் ஒப்புதலின்றியே அதனைச் செய்யலாம் எனச் சட்டக் கருத்துரை வழங்கியவர் ஜாக்சனே. 1941 ஜூன் திங்களில் கலிபோர்னியாவின் இங்கிள்வுட் நகரில் வானூர்தித் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தால் முடங்கியபோது, ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி இராணுவம் அதனைக் கைப்பற்றியது. அச்செயல் குடியரசுத் தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என அரசின் சார்பில் வாதிட்டவரும் அவரே. இந்த வாதம் பதினோர் ஆண்டுகளுக்குப் பின் அவரையே தேடி வந்தது.

எனினும், அந்நாளிலும் அவர் அதிகாரத்தின் இடரை அறியாதவரல்லர். 1940 ஏப்ரலில் அரசு வழக்கறிஞர்களிடையே ஆற்றிய உரையில், குற்றத்தைக் கண்டு குற்றவாளியைத் தேடுவதை விடுத்து, பிடிக்காத மனிதனை முதலில் தேர்ந்துகொண்டு அவன்மீது சுமத்தக் குற்றம் தேடுவதே அப்பதவியின் மிகக் கொடிய தீங்கு என எச்சரித்தார்.

நீதிபதியின் இருக்கை

1941 ஜூலையில் ஜாக்சன் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் சமயப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் கொடிவணக்கம் செய்ய மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். மூன்றாண்டுகளுக்கு முன்புதான் அத்தகைய நீக்கம் செல்லும் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. பெரும்பான்மையின் தீர்ப்பை எழுதியவர் ஜாக்சன். மக்களின் அடிப்படை உரிமைகள் வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டவை என்றும், எந்த அரசு அலுவலரும் குடிமகனின் நெஞ்சம் எதை நம்பவேண்டும் என்று விதிக்கவியலாது என்றும் அதில் நிறுவினார். கேரளத்தில் நாட்டுப்பண் பாட மறுத்துப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட அதே சமயப் பிரிவைச் சேர்ந்த மாணவரின் வழக்கில் 1986-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோது, இவ்வமெரிக்கத் தீர்ப்பும் அங்கு எடுத்தாளப்பட்டது.

1944-இல் வந்தது கொரமாட்சு வழக்கு. ஜப்பானிய வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். வெளியேற்ற ஆணை செல்லும் என நீதிபதிகள் அறுவர் கூறினர். மறுத்த மூவருள் ஜாக்சன் ஒருவர். இராணுவ ஆணை நெருக்கடி தீர்ந்தவுடன் மறைந்துவிடும்; நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் தந்துவிட்டாலோ அக்கொள்கை குண்டு நிரப்பிய துப்பாக்கி போல் எடுப்பார் கைக்குக் காத்துக் கிடக்கும் என்பது அவர் அச்சம். இதற்கு முந்திய ஆண்டில் அதே மக்கள்மீது விதிக்கப்பட்ட ஊரடங்கை அவரும் ஏற்றிருந்தார் என்பதை மறைத்தல் கூடாது. அவர் ஒரே நாளில் தெளிவடைந்தவரல்லர். வழக்கு வழக்காகத் தெளிந்தவர்.

நியூரம்பெர்க்

1945 மே திங்களில் குடியரசுத் தலைவர் ட்ரூமன், ஜெர்மானியப் போர்க் குற்றவாளிகளின் விசாரணையில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக ஜாக்சனை அமர்த்தினார். நீதிமன்ற இருக்கையை விட்டு அவர் ஓராண்டுக்கு மேல் நீங்கியிருந்தார். 1945 நவம்பர் 21-ஆம் நாள் அவர் ஆற்றிய தொடக்க உரை ஆங்கில உரைநடையின் உயர்ந்த ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. வென்றவர் தோற்றவரைக் கொன்று பழிதீர்க்காமல் சட்டத்தின் முன் நிறுத்தியதையே அவ்வுரை நாகரிகத்தின் வெற்றியாகக் கண்டது. ஆயினும், கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்தபோது ஜாக்சன் தடுமாறினார். 1946-இல் தலைமை நீதிபதி பதவி காலியாக, அது தமக்குக் கிட்டாத மனக்கசப்பில் உடன் நீதிபதி ஹியூகோ பிளாக்கை வெளிப்படையாகக் குறைகூறித் தந்தி விடுத்தார். அச்செயல் அவர் புகழுக்கு மாசாயிற்று.

ஆனால், நியூரம்பெர்க் அவருக்கு ஒன்றைக் கற்பித்தது. நெருக்கடி நிலையைக் காரணம் காட்டி உரிமைகளை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஜெர்மனியில் எவ்வாறு கொடுங்கோன்மைக்கு வாயிலாயிற்று என்பதை ஆவணம் ஆவணமாகக் கண்டு திரும்பினார்.

எஃகு ஆலை வழக்கு

கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952-ஆம் ஆண்டு, எஃகுத் தொழிலாளர் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தனர். எஃகு இன்றேல் படைக்கலம் இல்லை என அஞ்சிய ட்ரூமன், ஆலைகளை அரசே ஏற்று நடத்துமாறு ஏப்ரல் 8-ஆம் நாள் ஆணையிட்டார். அவ்வாறு கைப்பற்ற எச்சட்டமும் அவருக்கு வெளிப்படையாக அதிகாரம் தரவில்லை. 1947-இல் தொழிலாளர் சட்டம் இயற்றியபோது காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றம் அத்தகைய அதிகாரத்தை வழங்க மறுத்துமிருந்தது. ஆலை உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அது யங்ஸ்டவுன் வழக்கு எனப் பெயர் பெற்றது.

அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்த ஒன்பதின்மரும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ அமர்த்தியவர்களே. ஆகவே தீர்ப்புத் தமக்கே சார்பாக வரும் என ஆட்சியினர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. அரசுத் தரப்பு தன் படைக்கலங்களுள் ஒன்றாக எடுத்து வீசியது, 1941-இல் வானூர்தித் தொழிற்சாலை கைப்பற்றப்பட்டபோது தலைமை வழக்கறிஞர் ஜாக்சன் கூறிய கருத்தை. நீதிபதி ஜாக்சன் என்ன செய்வார்?

1952 ஜூன் 2-ஆம் நாள், ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில், ட்ரூமனின் ஆணை செல்லாது எனத் தீர்ப்பு வெளியாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். ஜாக்சன் அதனோடு இசைந்து தனியே ஓர் உரை எழுதினார். 1941-ஆம் ஆண்டின் சூழல் வேறானது என்பதை முதலில் சுட்டினார். பின்னர், ஒரு தரப்பின் வழக்கறிஞர் தம் தரப்புக்காகக் கூறியதை நீதிபதி சட்டமாக ஏற்றல் தகாது என்றும், அவ்வாறு கூறியவர் தாமே ஆயினும் நெறி அதுவே என்றும் எழுதி, தம் பழைய வாதத்தை ஒதுக்கினார்.

இஃது அவருக்குப் புதிதன்று. 1950-இல் வேறொரு வழக்கில், தாம் தலைமை வழக்கறிஞராய் வழங்கிய கருத்துரைக்கு மாறான தீர்ப்பில் அவர் சேர வேண்டியிருந்தது. அப்போது, தம் அகராதியில் நேர்ந்த பிழைக்கு அறியாமை தவிர வேறு காரணம் இல்லை என ஒப்புக்கொண்ட டாக்டர் ஜான்சனை நினைவுகூர்ந்து, தம்மைத் தாமே நகைத்துக்கொண்டு பழைய கருத்தைக் கைவிட்டார்.

யங்ஸ்டவுன் உரையின் நிலைத்த கொடை அதன் மூவகைப் பகுப்பாகும். நாடாளுமன்றம் இசைந்து நிற்கக் குடியரசுத் தலைவர் செயற்படின் அவர் அதிகாரம் நிறைமதி போன்றது. நாடாளுமன்றம் ஒன்றும் கூறாதிருப்பின் அது ஒளியும் இருளும் மயங்கும் அந்தி. நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கு மாறாகச் செயற்படின் அவர் அதிகாரம் மிகத் தேய்ந்த நிலையில் நிற்கும். அங்கே நீதிமன்றம் அதனை மிக விழிப்போடு ஆராய்தல் வேண்டும். மதியின் உவமை விளக்கத்துக்காக இங்கு ஏற்றது. அந்தியின் உவமை ஜாக்சனுடையதே. அரசமைப்பை எழுதியோரின் உள்ளக்கிடக்கையை ஆராய்வது, பார்வோன் மன்னன் கண்ட கனவுகளுக்கு யோசேப்பு பொருள் காண முயன்றது போன்றது என்னும் விவிலிய ஒப்புமையும் அவ்வுரையில் உண்டு.

அவ்வுரையின் முடிவில் அவர் மற்றோர் உண்மையையும் மறைக்கவில்லை. நாடாளுமன்றத்தின் கையிலிருந்து அதிகாரம் நழுவிப் போவதை நீதிமன்றத்தால் மட்டும் தடுத்துவிட முடியாது. தன் அதிகாரத்தைக் காக்கும் துணிவு நாடாளுமன்றத்துக்கே வேண்டும் என்பது அவர் கணிப்பு. ட்ரூமன் தீர்ப்புக்குப் பணிந்து ஆலைகளைத் திருப்பியளித்தார். வேலைநிறுத்தம் 53 நாள்கள் நீடித்தது. எல்லையை மதிப்பதற்கு நாடு விலை கொடுத்தது.

இறுதி நாள்களும் பின்னைய வாழ்வும்

ஜாக்சன் எல்லாவற்றிலும் உரிமையின் பக்கமே நின்றார் என்பது பொருந்தாது. பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களின் தண்டனையை 1951-இல் அவர் ஏற்றார். ஆனால் 1953-இல், விசாரணையே இன்றி எல்லிஸ் தீவில் அடைத்து வைக்கப்பட்ட அயல்நாட்டவர் ஒருவருக்காக அவர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1954 மார்ச்சு இறுதியில் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பள்ளிகளில் நிறவேற்றுமையை ஒழித்த பிரவுன் வழக்கின் தீர்ப்பு மே 17-ஆம் நாள் வெளியானபோது, மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து உடன் நீதிபதிகளோடு அமர்ந்தார். அத்தீர்ப்பு ஒருமனதானது என்பதை நாடு கண்ணாரக் கண்டது. அதே ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், தம் 62-ஆம் அகவையில் மறைந்தார். பிரூஸ்பர்க் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் உரைக்கு மறைவில்லை. 1974-இல் ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு நிக்சனுக்கு ஆணையிட்ட தீர்ப்பில் அது எடுத்தாளப்பட்டது. 1981-இல் ஈரான் தொடர்பான வழக்கில் அம்மூவகைப் பகுப்பைப் பயன்படுத்தித் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட், ஒரு காலத்தில் ஜாக்சனிடம் உதவியாளராய் இருந்தவர். 2018-இல், பயணத் தடை வழக்கில், கொரமாட்சு தீர்ப்பு அது வழங்கப்பட்ட நாளிலேயே பெரும் பிழை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தபோது, ஜாக்சனின் மறுப்புரையைச் சுட்டியது. ஆனால் அதே தீர்ப்பில் குடியரசுத் தலைவர் டிரம்பின் பயணத் தடையை அது நிலைநிறுத்தவும் செய்தது. 2024-இல், பதவிக்காலச் செயல்களுக்காகக் குடியரசுத் தலைவர்மீது குற்ற வழக்குத் தொடுக்கலாமா என்ற வினா எழுந்தபோது, பெருமளவு விலக்கு உண்டு என்ற பெரும்பான்மையினரும் யங்ஸ்டவுன் உரையையே துணைக்கொண்டனர்.

இவ்வாறு, எல்லை வகுத்த சொல்லே எல்லையை விரிப்போர்க்கும் கருவியாகின்றது. சொல்லின் இயல்பு அது; புலவர் அறியாததன்று. எழுதியவரைக் கடந்து சென்ற சொல், கையாள்பவரின் நேர்மையையே நம்பி வாழ்கிறது. ஜாக்சன் விட்டுச் சென்றது மூவகைப் பகுப்பு மட்டுமன்று. தமக்கு வாய்ப்பாய் இருந்த நாளில் தாம் விரித்த அதிகாரத்தை, வேறோர் இருக்கையில் அமர்ந்த நாளில் அயலான் ஒருவனின் வாதமெனக் கருதி ஆராய்ந்த மனத்திட்பமும் அவர் கொடையே. அவர் பகுப்பைத் தீர்ப்பில் ஆள்வது எளிது. அம்மனத்திட்பத்தைப் பெறுவதோ, அதிகாரத்தில் அமரும் ஒவ்வொருவரும் தாமே முயன்று செய்ய வேண்டிய அருஞ்செயல்.