குடகு தந்த படைத்தலைவர்

முதல் உலகப்போரில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் பங்கேற்றனர். பிரான்சின் சேற்றுப் பதுங்குகுழிகளிலும் மெசொப்பொத்தேமியாவின் மணற்பரப்பிலும் அவர்கள் போரிட்டு மடிந்தனர். ஆயினும், அவர்களுள் எத்துணை ஆற்றல் மிக்கவரும் சுபேதார் மேஜர் என்னும் நிலைக்குமேல் உயர வழியில்லை. முப்பது ஆண்டுகள் பணியாற்றித் தலை நரைத்த சுபேதார், இங்கிலாந்திலிருந்து அண்மையில் வந்திறங்கிய இருபது வயது ஆங்கிலேய இளைஞர்முன் விறைத்து நின்று வணக்கம் செலுத்த வேண்டும். அவ்விருவருக்கும் இடையே நின்றது, மன்னர் பெயரால் வழங்கப்படும் அதிகாரி ஆணை என்னும் ஒரு தாள். அத்தாளைப் பெறுவதற்குரிய வாயிலாக இருந்தது இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் அரச படைத்துறைக் கல்லூரி.

போரில் இந்தியர் சிந்திய குருதிக்கு ஏதேனும் கைம்மாறு செய்தாக வேண்டிய நிலை ஆங்கிலேய அரசுக்கு ஏற்பட்டது. 1917-ஆம் ஆண்டு, இந்தியர் அதிகாரி ஆணை பெறுவதற்கு இருந்த தடை நீக்கப்பட்டது. அதன்பின் சாண்ட்ஹர்ஸ்டில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியருக்கென ஒதுக்கப்பட்டன. முப்பது கோடி மக்கள் வாழ்ந்த நாட்டிற்குப் பத்து இடங்கள்! அவையும் எளிதில் பயன்தந்துவிடவில்லை. கடுங்குளிர், தனிமை, அயல்மொழி, ஆங்கிலேயப் பள்ளிகளில் வளர்ந்தோர்க்கே பழகிப்போன நடைமுறைகள் ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்க இயலாமல் தொடக்கத்தில் சென்றவர்களுள் பலர் படிப்பை முடிக்காமலே திரும்பினர். தலைமை ஏற்க இந்தியர் தகுதியற்றவர் என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டியோரும் உண்டு. எந்தப் பயிற்சியும் தராமல் ஒருவனை ஆற்றில் இறக்கிவிட்டு, அவனுக்கு நீந்தத் தெரியவில்லை என்று கரையில் நின்று குறிப்பெழுதும் செயலே அது.

இக்குறையைப் போக்க 1922-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டேராடூனில் அரச இந்தியப் படைத்துறைக் கல்லூரி திறக்கப்பட்டது. இந்தியச் சிறுவர்களைச் சாண்ட்ஹர்ஸ்டுக்கு ஆயத்தம் செய்வதே அதன் நோக்கம். அங்குப் பயின்று சாண்ட்ஹர்ஸ்ட் சென்ற தொடக்ககால மாணவர்களுள் ஒருவர்தாம், பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் தரைப்படைத் தலைவராக விளங்கிய கொடந்தேர சுப்பையா திம்மையா.

இளமையும் பயிற்சியும்

திம்மையா 1906-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் குடகு நாட்டின் மடிக்கேரியில் பிறந்தார். தந்தையார் காப்பித் தோட்ட உரிமையாளர். அன்னையார் பொதுத்தொண்டில் ஈடுபாடு மிக்கவர். எட்டு வயதில் அவரை நீலகிரி மாவட்டம் குன்னூரில் அயர்லாந்துத் துறவியர் நடத்திய பள்ளியில் சேர்த்தனர். பிறகு பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளி, அதன்பின் டேராடூன் என அவருடைய கல்வி தொடர்ந்தது. மூன்று ஆண்மக்களும் படைத்துறையையே தேர்ந்தெடுத்த குடும்பம் அது. அம்மூவரின் வாழ்வும் மூன்று திசைகளில் பிரிந்ததைப் பின்னர்க் காண்போம்.

சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி ஒன்றரை ஆண்டு நீடித்தது. அணிவகுப்பு, குதிரையேற்றம், துப்பாக்கிப் பயிற்சி, நிலவரைபடம் வாசித்தல், போர் வரலாறு என ஓய்வில்லாத நாள்கள் அவை. பேரரசின் பெருங்குடும்பத்துப் பிள்ளைகள் தம் மரபுரிமையெனக் கருதி வந்து சேரும் அக்கல்லூரியில், குடகு இளைஞர் ஒருவர் அவர்களோடு தோளுக்குத் தோள் நின்று அதே தேர்வுகளை எழுதினார். 1926-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அவர் அதிகாரியாக ஆணை பெற்றார்.

அவ்வாணை தந்த மதிப்பு பெரிது. ஆனால், அது எதுவரை செல்லும் என்பதை நாடு திரும்பியதும் அவர் உணர்ந்தார். பாசறைப் பகுதிகளில் அதிகாரிகள் கூடும் மனமகிழ் மன்றங்கள் பல, இந்தியரை உறுப்பினராக ஏற்பதில்லை. மன்னர் கையொப்பம் இட்ட ஆணை சட்டைப்பையில் இருக்கலாம். மன்றத்தின் வாயிற்படியில் அது செல்லாது. இதனினும் ஆழமான மற்றோர் ஏற்பாடும் இருந்தது. இந்திய அதிகாரிகளின்கீழ் ஆங்கிலேயர் பணியாற்றும் நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காக, இந்திய அதிகாரிகள் அனைவரையும் எட்டே எட்டுப் படைப்பிரிவுகளில் மட்டும் அமர்த்துவது என 1923-இல் அரசு முடிவு செய்திருந்தது. அவ்வெட்டனுள் ஒன்று 19-ஆம் ஐதராபாத் ரெஜிமென்ட்டின் நான்காம் பட்டாலியன். ஆங்கிலேயப் படைப்பிரிவொன்றில் சிலகாலம் இணைந்து பணியாற்றிய பிறகு, திம்மையா அங்கேதான் அனுப்பப்பட்டார்.

ஐயமும் அறிவுரையும்

ஈராக்கில் சிலகாலம் இருந்தபின் திம்மையா அலகாபாத்தில் பணியாற்றினார். நாட்டு விடுதலைப் போராட்டத்தின் நெஞ்சம் அந்நகரில் துடித்துக்கொண்டிருந்தது. தெருக்களில் கதராடை அணிந்த இளைஞர்கள் சிறைக்குச் செல்ல ஆயத்தமாக நின்றனர். அதே வயதுடைய திம்மையாவோ ஆங்கிலேயப் பேரரசின் சீருடையில் இருந்தார். அந்நகரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. திரையரங்கொன்றில் மோதிலால் நேரு அவரைக் கண்டு, ஆங்கிலேயரின் சீருடையை அணிந்திருப்பது எப்படி இருக்கிறது என்று வினவினாராம். வெக்கையாக இருக்கிறது என்று மட்டும் விடை கூறினாராம் திம்மையா. நகைச்சுவையால் நழுவிய விடைதான்; எனினும் அக்கேள்வி அவரை விட்டு நீங்கவில்லை.

அவரும் அவரைப் போன்ற இளம் அதிகாரிகளும் பதவியைத் துறந்து போராட்டத்தில் இணைந்துவிடலாமா என்று எண்ணத் தொடங்கினர். அந்த ஐயத்தை மோதிலால் நேருவிடமே கொண்டு சென்றனர். அவர் தந்த அறிவுரை அவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறானது. பதவியைத் துறக்க வேண்டா. கற்க வேண்டியதை எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். விடுதலை வரும் நாளில் இந்நாட்டிற்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் தேவைப்படுவர் என்பதே அதன் சாரம்.

மோதிலால் இதனைப் போகிறபோக்கில் கூறியிருக்க முடியாது. படைத்துறையில் இந்தியரைச் சேர்ப்பது குறித்து ஆராய அரசு அமைத்த ஸ்கீன் குழுவில் அவர் உறுப்பினராக இருந்து, இடையில் விலகியவர். இந்தியாவிலேயே ஒரு படைத்துறைக் கல்லூரி வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஒரு படையை நடத்தும் திறன் ஓரிரவில் வாய்ப்பதன்று. ஓர் அதிகாரி உருவாக இருபது ஆண்டுகள் பிடிக்கும் என்னும் கணக்கை அவர் அறிந்திருந்தார். 1932-ஆம் ஆண்டு அக்டோபரில் டேராடூனில் நாற்பது மாணவர்களுடன் இந்தியப் படைத்துறைக் கழகம் தொடங்கியது. அத்துடன் இந்திய இளைஞர் சாண்ட்ஹர்ஸ்டுக்குக் கப்பலேறும் காலம் முடிந்தது.

திம்மையா படையிலேயே தொடர்ந்தார். 1935-இல் குவெட்டாவைப் பெருநிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது, அவரும் அவருடைய மனைவி நீனாவும் இடிபாடுகளுக்கிடையே மீட்புப் பணியில் ஈடுபட்டனர். அடுத்த ஆண்டு அவர் சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகப் பயிற்சிப் படையில் கல்லூரி மாணவர்க்குப் படைப்பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார்.

போர்க்களத்தில் கிடைத்த விடை

இந்தியரால் போர்க்களத்தில் படை நடத்த முடியுமா என்னும் கேள்விக்கு 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பர்மாவின் அரக்கான் கரையில் உள்ள கங்காவ் என்னும் இடத்தில் விடை கிடைத்தது. பின்வாங்கும் சப்பானியப் படையின் வழியை அங்கே மறிக்க வேண்டியிருந்தது. 51-ஆம் பிரிகேடின் மூன்று பட்டாலியன்களுக்கும் இந்தியரே தலைமை தாங்கினர்: திம்மையா, தோரட், சென். மூவரும் சாண்ட்ஹர்ஸ்டில் பயின்றவர்கள். போர் கடுமையாக நடந்தது, இழப்பும் மிகுதி. வெற்றிக்குப்பின் மூவருக்கும் சிறப்புமிகு பணிக்கான விருது வழங்கப்பட்டது. தொடர்ந்து திம்மையா ஒரு பிரிகேடுக்கே தலைமை ஏற்றார். இரண்டாம் உலகப்போரில், போர்க்களத்தில் காலாட்படைப் பிரிகேடு ஒன்றை நடத்திய ஒரே இந்தியர் அவரே.

அதே போரில் அவருடைய அண்ணன் பொன்னப்பா நேதாஜியின் இந்தியத் தேசியப் படையில் இருந்தார். ஒருவர் பேரரசின் படையில் இருந்தபடி நாட்டின் நாளைக்காகக் காத்திருந்தார். மற்றவர் அப்பேரரசை எதிர்த்தே ஆயுதம் ஏந்தினார். எது சரியான வழி என்று இன்று அமர்ந்துகொண்டு தீர்ப்புக் கூறுவது எளிதன்று. தம்பி சோமையாவோ, விடுதலைக்குப்பின் காசுமீரில் கண்ணிவெடி அகற்றும் பணியில் உயிர்நீத்தார்.

மோதிலால் முன்னுணர்ந்த நாள் 1947-இல் வந்தது. அன்று இந்தியாவிடம் இருபது ஆண்டுப் பட்டறிவு கொண்ட இந்தியப் படைத்தலைவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தனர். சாண்ட்ஹர்ஸ்டின் அந்தப் பத்து இடங்களில் நுழைந்து தேறியவர்களை நம்பியே புதிய நாட்டின் படை நிற்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு காசுமீர்ப் போரில் திம்மையா ஒரு டிவிசனின் தலைவரானார். மே மாதத்தில் லே நகரின் கரடுமுரடான ஓடுதளத்தில் முதன்முறையாக ஒரு விமானம் தரையிறங்கியபோது, விமானி மெகர் சிங்கோடு அதில் அமர்ந்து சென்றார்.

லடாக்கிற்குச் செல்லும் தரைவழியைச் சோசி லா கணவாய் மறித்து நின்றது. ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில், இருபுறமும் பகைவர் பதுங்கியிருந்த கணவாய் அது. காலாட்படையின் தாக்குதல்கள் வெற்றி பெறவில்லை. அங்கே டாங்கிகளைக் கொண்டுசெல்வது என்று திம்மையா துணிந்தார். அத்தகைய உயரத்தில் டாங்கி ஓடும் என்று எவரும் எண்ணவில்லை. பகைவரும் எண்ணவில்லை என்பதுதான் அத்திட்டத்தின் வலிமை. டாங்கிகளின் மேற்பகுதிகளைக் கழற்றி, உருவம் தெரியாமல் மூடி, மலையடிவாரம் வரை கொண்டுவந்தனர். சென்னைப் பொறியாளர் படையினர் கோவேறு கழுதைத் தடத்தை வெட்டி அகலப்படுத்தி வழியமைத்தனர். 1948-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், பனி பெய்துகொண்டிருக்க, டாங்கிகள் கணவாயில் ஏறின. முன்னே சென்ற டாங்கியில் டிவிசன் தலைவரான திம்மையாவே அமர்ந்திருந்தார். பகைவர் நிலைகள் சிதறின. அம்மாதமே கார்கில் மீட்கப்பட்டது. அந்த டாங்கிகள் ஏழாம் இலகு குதிரைப்படையைச் சேர்ந்தவை. இந்திய அதிகாரிகளை ஒதுக்கி வைப்பதற்காக 1923-இல் ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த எட்டுப் பிரிவுகளுள் அதுவும் ஒன்று என்பதை இங்கு நினைவுகூரலாம்.

கழகத்தின் தலைமை

அடுத்து அவரிடம் வந்த பொறுப்பு போர்க்களத்தைச் சார்ந்ததன்று. தரை, கடல், வான் ஆகிய மூன்று படைகளுக்கும் உரிய இளைஞர்களை ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்புக் கழகம் அப்போது டேராடூனில் இயங்கியது. 1955-இன் தொடக்கத்தில்தான் அது புணேக்கு அருகே கடக்வாசலாவில் முறைப்படி நிலைகொண்டது. டேராடூனில் அக்கழகத்தின் தலைமையைத் திம்மையா ஏற்றார். சிறுவனாக அவர் வந்து சேர்ந்த அதே ஊர். அன்று அங்கிருந்து ஆறேழு பேர் கப்பலேறுவதே பெருஞ்செய்தி. இப்போது ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இளைஞர் அங்கேயே உருவாயினர். பெருங்குடும்பப் பின்னணியோ கடற்பயணச் செலவோ அவர்களுக்குத் தடையாக இல்லை.

1953-இல் கொரியப் போர்க் கைதிகளைத் தாயகம் அனுப்புவது குறித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்திற்கு அவர் தலைவரானார். இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள். ஒருவரையொருவர் நம்பாத இரு வல்லரசு அணிகள். கைதிகளைக் காவல்காத்த இந்தியப் படையை நடத்தியவர், கங்காவ் களத்தில் உடன் நின்ற தோரட். ஆயுத வலிமையைக் காட்டாமல் பொறுமையால் நிறைவேற்றிய அப்பணி, புதிய இந்தியாவின்மீது உலகின் மதிப்பை உயர்த்தியது. 1954-இல் அவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது.

1957-ஆம் ஆண்டு மே மாதம் திம்மையா தரைப்படைத் தலைவரானார். மறு ஆண்டே அண்டை நாட்டில், அதே சாண்ட்ஹர்ஸ்டில் பயின்ற அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றினார். ஒரே கல்லூரியில் ஒரே பயிற்சி பெற்றவர்கள் வெவ்வேறு வழிகளில் நடந்தனர். 1959-இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் கருத்து வேறுபாடு முற்றியபோது, திம்மையா செய்தது பதவி விலகல் மடலைப் பிரதமரிடம் அளித்தது ஒன்றே. பிரதமர் நேரு கேட்டுக்கொண்டதால் அதனைத் திரும்பப் பெற்றார். பின்னர் நாடாளுமன்றத்தில் நேரு அவர் செயலைக் குறைகூறினார். கொடுத்த மடலைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டா என்று கருதுவோர் இன்றும் உளர். எனினும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் சொல்லுக்குப் படை கட்டுப்படும் என்னும் நெறி அந்நெருக்கடியிலும் அசையவில்லை. 1961-இல் அவர் ஓய்வு பெற்றார்.

1964-இல் கிரேக்கரும் துருக்கியரும் மோதிக்கொண்டிருந்த சைப்ரசுத் தீவில், ஐக்கிய நாடுகள் அமைதிப் படையின் தலைமையை ஏற்குமாறு அழைப்பு வந்தது. ஓய்வைத் துறந்து சென்றார். 1965-ஆம் ஆண்டு திசம்பர் 18-ஆம் நாள் அத்தீவிலேயே மாரடைப்பால் காலமானார். சைப்ரசு அரசு மறு ஆண்டு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவருடைய உடல், அவர் பள்ளிச் சிறுவனாகத் திரிந்த பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.