சிந்தாமணி இரகுநாதாசாரியார்

திருவண்ணாமலையில் முழுமதி நாள்தோறும் மக்கள் திரள்திரளாக மலையை வலம் வருகின்றனர். இரமணாசிரமத்தின் முன்னே செல்லும் கிரிவலப் பாதையில் அன்றிரவு கால் வைக்கவும் இடமிராது. புறப்படுமுன் அவர்கள் தவறாது கேட்டறிவது ஒன்றுண்டு. பௌர்ணமித் திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதே அது. விடை பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆயினும் எல்லாப் பஞ்சாங்கங்களும் ஒரே நேரத்தைக் கூறுவதில்லை. சில நாழிகை முன்னும் பின்னுமாகக் கூறுகின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை வானத்தையே நோக்கி ஆராய்ந்தவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பமொன்றில் இவர் தோன்றினார். இளமையிலேயே சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாராய்ச்சி நிலையத்தில் பணியில் அமர்ந்தார். பின்னர் அதன் தலைவராயிருந்த போக்சன் என்பவருக்கு முதல் உதவியாளராக உயர்ந்தார்.

அங்கே அவர் செய்த வேலை யாது? வடக்கு தெற்காக மட்டுமே திரும்பும் தொலைநோக்கியின் வழியே, விண்மீன் ஒவ்வொன்றும் உச்சிக் கோட்டைக் கடக்கும் கணத்தை இரவெல்லாம் விழித்திருந்து குறித்தார். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். அக்கணங்களைக் கொண்டே நிலையத்துக் கடிகாரத்தின் பிழை திருத்தப்பட்டது. அக்கடிகாரம் காட்டிய சென்னை நேரத்தைக் கொண்டே இந்தியாவின் பெரும்பகுதியில் இரயில் வண்டிகள் ஓடின. 1906-இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை நிலைமை இதுவே. வண்டியைத் தவறவிடாமல் ஏறிய பயணி, அந்நேரம் விண்மீன்களிடமிருந்து வந்தது என்று எண்ணியிருக்கமாட்டான்!

1867-இல், தென்வானில் தாழ்ந்து தோன்றும் விண்மீன் ஒன்று ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு ஒரு முறை ஒளி கூடிக் குறைவதை ஆசாரியார் கண்டறிந்தார். 1872-இல் இங்கிலாந்தின் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

பகழ் வந்தபோதும் அவர் மனம் பஞ்சாங்கத்தையே சுற்றி வந்தது. பழைய வாக்கியக் கணிதம் முன்னோர் அரிதின் முயன்று வகுத்தது. எனினும், ஆண்டுதோறும் சேரும் சிறு பிழை நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பெரிதாகும். சந்திரனுடைய ஓட்டத்தின் நுட்பமான மாறுதல்கள் பலவும் அதில் அடங்கவில்லை. கிரகணம் குறித்த வேளையில் நிகழாவிடில் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். திதி பிழைத்தாலோ யாரும் அறியார். நோன்பும் திவசமும் வேறு நாளில் நடந்தேறிவிடும். ஆகவே ஆசாரியார், மாலுமிகளுக்கென ஆங்கிலேயர் வெளியிட்ட வான அட்டவணைகளைத் துணைக்கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். இதிலுள்ள 'திருக்' என்பது மங்கலச் சொல்லன்று. பார்வையைக் குறிக்கும் வடசொல். கணக்கு கண்ணால் காண்பதோடு பொருந்தவேண்டும் என்பது அதன் கருத்து.

முன்னோர் வழியை மாற்றுவதா என்ற தடை எழுவது இயல்பே. ஆனால் கேரளத்துப் பரமேசுவரர் 1431-ஆம் ஆண்டிலேயே வானத்தை நோக்கிக் கணக்கைத் திருத்தி, இதே பெயரில் நூல் செய்திருந்தார். ஆகவே திருத்துதலும் முன்னோர் வழியேயாகும்.

1874 திசம்பர் 9-ஆம் நாள் வெள்ளி, சூரிய வட்டத்தைக் கடந்து சென்றது. அதனைப் பொதுமக்களும் புரிந்துகொள்ளுமாறு ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் ஆசாரியார் விளக்கி எழுதினார். இந்தியர் வானியல் பயில்வதற்கென்று தனி நிலையம் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவ்விருப்பம் நிறைவேறுமுன் 1880-இல் அவர் மறைந்தார்.

சென்னை நிலையத்தின் பணி 1899-இல் கோடைக்கானலுக்கு மாறியது. 1960-களில் அதன் கிளையொன்று, திருவண்ணாமலைக்கு வடக்கே பரந்து கிடக்கும் சவ்வாது மலையில், காவலூரில் தோன்றியது. அங்கே 1986-இல், இந்தியர் தாமே அமைத்த, 234 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி வானை நோக்கித் திறக்கப்பட்டது.